பெயரேடுகளின் நகரம்: பிரீடவுன்

2023-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் இரவு, மேற்கு ஆப்பிரிக்காவின் கடற்கரையில் சியேரா லியோன் நாட்டின் தலைநகராய் விளங்கும் பிரீடவுன் நகரத்தில் வீசிய கடும் புயல்மழையில், அந்நகரின் நடுநாயகமாய் நின்ற இலவ மரமொன்று, அடிப்பகுதி மட்டும் எஞ்ச, முறிந்து வீழ்ந்தது. நம் நாட்டில் மெத்தைக்கும் தலையணைக்கும் பஞ்சு தருகின்ற அதே இனத்து மரந்தான் அது. ஆனால் 70 மீட்டர் உயரமும், ஏறத்தாழ 400 ஆண்டு வயதும் உடையதென மதிக்கப்பட்டு, பல்லாயிரம் வௌவால்களுக்கு வீடாகி, நாட்டின் பணத்தாள்களில் சித்திரமாகி, குழந்தைகளின் பாட்டுகளிலும் பெரியோரின் பிரார்த்தனைகளிலும் இடம்பெற்றிருந்த பெருமரம். மறுநாள் பொழுது விடிந்ததும் ஜனங்கள் திரள்திரளாக வந்து, பிளந்து கிடந்த அடிமரத்தைச் சுற்றி நின்றார்கள். நாட்டின் ஜனாதிபதியும் வந்து நின்றார். ஒரு மரம் வீழ்ந்ததற்காக ஒரு தேசம் துக்கங் காத்தது ஏன் என்பதை அறிய வேண்டுமாயின், அந்நகரத்தின் சரித்திரத்தை அதன் முதல் அடியெடுப்பிலிருந்தே தொடர்ந்து பார்க்க வேண்டும்.

மற்றத் தலைநகரங்களுக்குச் செல்லும் பிரயாணிகள் அரண்மனைகளையும் வெற்றித் தூண்களையும் கோட்டை கொத்தளங்களையும் பார்த்து வருகிறார்கள். பிரீடவுனில் பார்க்கத்தக்கவை என்று அந்நகரத்தார் சுட்டுவனவோ, ஒரு மரத்தின் அடிக்கட்டை, துறைமுகத்துக்கு இறங்கும் சில கருங்கற் படிகள், ஓர் ஆஸ்பத்திரியின் வாசலில் நிற்கும் பழைய கல்வாயில், கூரையிழந்து வெறுஞ்சுவராய் நிற்கும் ஒரு கல்லூரி, இவை போன்ற எளிய பொருள்களே. இவற்றுள் எதுவும் ஓர் அரசன் தன் கீர்த்தியை நிலைநிறுத்த எழுப்பியதன்று. எல்லாம் மனிதர் வந்து இறங்கிய இடங்கள், நுழைந்த இடங்கள், முதன்முதல் ஒதுங்கி நின்ற இடங்கள். இவையனைத்திலும் மேலான சின்னம் ஒன்றும் அங்கே இருக்கிறது. அது கண்ணுக்குத் தென்படும் இடத்தில் இல்லை. மனிதரின் பெயர்களை எழுதிவைத்த பழைய பதிவேடுகளே அச்சின்னம் என்பது எனது துணிபு.

நகரத்தின் இருப்பிடத்தை முதலிற் கூறிவிடுவது நலம். அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் நீண்டு கிடக்கும் மலைசார்ந்த தீபகற்பமொன்றின் வடமுனையில், ரோக்கெல் முதலிய ஆறுகள் கூடிக் கடலோடு கலக்கும் அகன்ற முகத்துவாரத்தின் தென்கரையில் பிரீடவுன் அமைந்திருக்கிறது. உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் அது ஒன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் கரை பெரும்பாலும் தாழ்ந்த மணற்பாங்காகவும் அலை மோதும் இடமாகவும் இருக்க, இங்கு மட்டும் மலைகள் கடலை ஒட்டி உயர்ந்து நிற்பதைக் கண்ட போர்த்துக்கீசிய மாலுமி பெத்ரோ த சின்த்ரா, 1462-ஆம் ஆண்டளவில், அவற்றுக்குச் ‘சிங்க மலைகள்’ என்று பெயரிட்டார். அப்பெயரே திரிந்து சியேரா லியோன் ஆயிற்று. மே மாதத்தில் தொடங்கும் மழை, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இடைவிடாது கொட்டும். இந்த மழையைப் பற்றிய செய்தி, பின்னர் நாம் காணப்போகும் துயரங்கள் சிலவற்றுக்கு முன்னுரையாகும்.

இதே முகத்துவாரத்தில், நகரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உள்ளே, பெருங்கப்பல்கள் செல்லக்கூடிய எல்லையில், பன்ஸ் தீவு என்னும் சிறு தீவு இருக்கிறது. 1670-ஆம் ஆண்டளவில் ஆங்கில வணிகர் அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அக்கோட்டையின் வாயில் வழியாகப் பல்லாயிரம் ஆப்பிரிக்கர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 1748-இல் லண்டன் வணிகர் சிலர் அதனை விலைக்கு வாங்கினார்கள். அவருள் முதன்மையானவர் ரிச்சர்ட் ஆஸ்வால்ட். கோட்டைக்கு அருகில் வெள்ளை வணிகர் கோல்ப் விளையாட ஒரு திடலும் இருந்தது. பன்ஸ் தீவிலிருந்து சென்ற அடிமைகளை அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறையில் இறக்கித் தரகு பெற்று விற்றுக்கொடுத்தவர் ஹென்றி லாரன்ஸ் என்னும் பெருவணிகர். தென் கரோலினாவின் சதுப்பு நிலங்களில் நெல் பயிரிடுவதற்கு, நெற்பயிர்ச் செய்கையைத் தலைமுறை தலைமுறையாய் அறிந்திருந்த மேற்கு ஆப்பிரிக்கக் குடிகளே வேண்டப்பட்டார்கள். உழவின் அறிவே உழவனுக்கு விலங்காயிற்று.

சரித்திரத்தில் சில சந்திப்புகள் கதைகளையும் விஞ்சி நிற்பன. அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனோடு போர் செய்து வென்றபின், 1782-இல் பாரிஸ் நகரத்தில் சமாதானம் பேசுவதற்குப் பிரிட்டன் அனுப்பிய பிரதிநிதி, பன்ஸ் தீவுக்கு உரிமையாளரான அதே ஆஸ்வால்ட்; அமெரிக்கத் தரப்பில் வந்தவர்களுள் ஒருவர், அதே தீவின் சரக்கை விற்றுப் பொருளீட்டிய லாரன்ஸ். பிரிட்டிஷ் படைகள் திரும்பிச் செல்லும்போது கறுப்பு அடிமைகளையோ பிற உடைமைகளையோ கொண்டுசெல்லலாகாது என்னும் ஷரத்தை உடன்படிக்கையிற் சேர்க்கச் செய்தவரும் லாரன்ஸே. பிரீடவுன் என்னும் நகரம் அந்த ஷரத்து மீறப்பட்டதனால் பிறந்தது.

போர்க்காலத்தில், எஜமானரை விட்டு ஓடிவந்து பிரிட்டிஷ் படையிற் சேரும் அடிமைகளுக்கு விடுதலை உண்டு என்று பிரிட்டிஷ் தளபதிகள் அறிவித்திருந்தார்கள். அவ்வாறு வந்தவர்களைத் திருப்பிக் கொடுக்கும்படி 1783-இல் ஜார்ஜ் வாஷிங்டன் கேட்டபோது, நியூயார்க்கிலிருந்த பிரிட்டிஷ் தளபதி சர் கை கார்ல்ட்டன், கொடுத்த வாக்கை மீறுதல் தம் தேசத்துக்கு இழுக்கு என்று மறுத்துவிட்டார். ஆயினும் பின்னொரு நாளில் நஷ்ட ஈடு கோர இடமிருக்கட்டும் என்று கருதி, கப்பலேறிய ஒவ்வொருவரின் பெயர், வயது, உடலமைப்பு, முன்னிருந்த எஜமானர் பெயர் ஆகியவற்றை ஓர் ஏட்டில் எழுதச் செய்தார். மூவாயிரம் பெயர்கள் கொண்ட அந்த ஏடே நான் குறிப்பிட்ட பதிவேடுகளுள் முதலாவது. அதில் 43 வயதினர் என்று பதிவாகியிருக்கும் ஹாரி வாஷிங்டன் என்பவர், ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையிலிருந்து தப்பி வந்தவர். அவரை மறுபடியும் காண்போம்.

இதற்கிடையில் லண்டனில் ஒரு முயற்சி நடந்து தோற்றது. 1786-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் அந்நகர வீதிகளில் கறுப்பு ஏழையர் பட்டினியால் வாடுவதைக் கண்டு சில தர்மவான்கள் ஒரு கமிட்டி அமைத்தார்கள். அக்கமிட்டியின் இரக்கத்தை முதலில் தூண்டியவர்கள் நம் நாட்டவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்: இந்தியாவிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் கூலிக்குச் சென்று, திரும்பும் வழியின்றி லண்டனில் தத்தளித்த லஸ்கார் மாலுமிகளே அவர்கள். பின்னர் அமெரிக்கப் போரிலிருந்து வந்த கறுப்பரே அவ்வேழையருள் பெரும்பான்மையர் என்று தெரியவர, அடிமை ஒழிப்பின் முன்னோடியாகிய கிரான்வில் ஷார்ப் அவர்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றிச் ‘சுதந்திர மாகாணம்’ ஒன்றை நிறுவத் திட்டமிட்டார். ஏறத்தாழ 400 பேர் 1787 மே மாதத்தில், மழை தொடங்கும் தறுவாயில், வந்து இறங்கினார்கள். கூடாரங்களில் காய்ச்சலுக்கு இரையாகிப் பலர் மாண்டனர். மிஞ்சியோரின் ஊரையும், ஆங்கிலக் கப்பலொன்று தமது ஊரை எரித்ததற்குப் பழிவாங்க, டெம்னே இனத்துத் தலைவர் ஜிம்மி 1789-இன் இறுதியில் எரித்துவிட்டார். நிலம் டெம்னே மக்களுடையது. குடியேற்றத்துக்கு நிலந்தரும் உடன்படிக்கையில் கையொப்பமிட்ட தலைவர்கள் அதனை அடியோடு விற்றுவிட்டதாகக் கருதியிருக்க நியாயமில்லை. வந்தவர்களோ அது என்றைக்கும் தமக்கே உரியது என்று எண்ணினார்கள். இந்தத் தவறான புரிதல் பின்னும் பல ஆண்டுகள் இரத்தம் சிந்தக் காரணமாயிற்று. சுதந்திர நகரத்தின் கதையைச் சொல்லுவோர் அம்மண்ணுக்கு முன்பே உரியவராயிருந்தாரை மறந்துவிடுவது வழக்கம், அது பெருங்குறை.

நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய மூவாயிரவரில் பெரும்பாலோர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்றிருந்தார்கள். அங்கே அவர்களுக்கு வாக்களித்த நிலம் வரவில்லை. வந்த நிலமும் பாறையும் பனியும். அவர்களுள் தாமஸ் பீட்டர்ஸ் என்பவர், பிரிட்டிஷ் படையில் சார்ஜெண்டாய் இருந்தவர், எழுதப்பட்ட ஒரு மனுவைக் கையிற்கொண்டு, மீண்டும் பிடிபட்டு அடிமையாக விற்கப்படும் அபாயத்தையும் பொருட்படுத்தாது, சமுத்திரத்தைக் கடந்து லண்டனுக்குச் சென்றார். அக்காலத்தில் ஷார்ப், வில்பர்போர்ஸ், ஹென்றி தார்ன்டன் முதலிய அடிமை ஒழிப்பாளர்கள் சியேரா லியோன் கம்பெனியை நிறுவியிருந்தார்கள். பீட்டர்ஸின் முறையீட்டின் பயனாக, ஜான் கிளார்க்ஸன் என்னும் இளங் கடற்படை அதிகாரி நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பப்பட்டார். ஆடவனுக்கு 20 ஏக்கர், மனைவிக்கு 10, குழந்தைக்கு 5 என்றும், நிலத்துக்கு ஆண்டுவரி கிடையாது என்றும் கிளார்க்ஸன் சபை சபையாகச் சென்று வாக்களித்தார். 1792 ஜனவரி 15-ஆம் நாள் 15 கப்பல்களில் ஏறத்தாழ 1,200 பேர் ஹாலிபாக்ஸ் துறையைவிட்டுப் புறப்பட்டனர். வழியில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். மார்ச் மாதத்தில் கரையிறங்கியவர்கள் புதர்களை வெட்டிக்கொண்டு மேலேறி, ஓங்கி நின்ற இலவ மரத்தடியில் கூடி, பாடித் தொழுது தங்கள் ஊருக்குச் சுதந்திர நகரம் என்று பெயரிட்டார்கள் என்பது பரம்பரையாக வரும் செய்தி.

வாக்கு நிலைத்ததா? கிடைத்த நிலம் வாக்களித்ததில் ஒரு சிறு பகுதியே. அதற்கும் ஆண்டுவரி கேட்கப்பட்டது. பீட்டர்ஸ் அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே காய்ச்சலில் மாண்டார். ஜனங்களின் அன்பைப் பெற்றிருந்த கிளார்க்ஸனைக் கம்பெனி விலக்கிவிட்டது. பின்வந்த கவர்னருள் வரியை விடாப்பிடியாய் வற்புறுத்தியவர் ஜக்கரி மெக்காலே. நம் நாட்டின் கல்விமுறையைப் பற்றி 1835-இல் குறிப்பெழுதிய மெக்காலே பிரபு இவருடைய குமாரரே. அடிமை வாணிகத்தை மனப்பூர்வமாக வெறுத்த உத்தமர் இத்தந்தையார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அடிமைத்தளையை அறுத்துக்கொண்டவர்கள் தமக்கு உரியதைக் கேட்டபோது, அதனை நன்றிகெட்ட செயலாகவே அவரால் காண முடிந்தது. தர்மம் செய்வோரின் உள்ளத்தில் இக்குறை மிகுதியும் காணப்படுவது. அதனைப் பிரீடவுனின் பழைய கடிதங்களைப்போல் தெளிவாகக் காட்டும் சாட்சியம் வேறு சிலவே உண்டு.

அக்குடியேறிகள் இலவு காத்த கிளிகளாய் வாளாவிருந்தாரில்லை. கிளார்க்ஸன் அமைத்திருந்த முறைப்படி பத்துக் குடும்பங்களுக்கு ஒருவரையும், நூறு குடும்பங்களுக்கு ஒருவரையும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள். அத்தேர்தலில், குடும்பத்துக்குத் தலைமை பூண்ட பெண்களும் வாக்களித்தார்கள். 1792-இல் ஐரோப்பாவின் எந்தப் பெரிய தேசத்திலும் பெண்களுக்கு அவ்வுரிமை இல்லை. மனுக்கள் எழுதினார்கள், கூட்டம் கூடினார்கள், தூதர்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். இவையாவும் பயனற்றுப் போகவே, 1800 செப்டம்பரில் தங்களுக்கென்று ஒரு சட்டத் தொகுதியை எழுதி ஊரார் காணத் தொங்கவிட்டு, கம்பெனியின் ஆட்சியை மறுத்து எழுந்தார்கள். அந்நேரத்தில் ஜமெய்க்காவிலிருந்து நாடுகடத்தப்பட்டு நோவா ஸ்கோஷியா வழியாக வந்த மரூன்கள், அதாவது அத்தீவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி மலைகளில் வாழ்ந்தோரின் வழியினர், 500 பேருக்கு மேல் துறைமுகத்தை அடைய, கம்பெனி அவர்களையே ஏவிக் கலகத்தை அடக்கியது. இருவர் தூக்கிலிடப்பட்டனர், பலர் நகரத்தைவிட்டு ஓட்டப்பட்டனர். நாடுகடத்தப்பட்டவர்களுள் ஒருவர் ஹாரி வாஷிங்டன். வரிவிதிப்பை எதிர்த்துப் புரட்சி செய்து குடியரசு கண்ட எஜமானரின் பெயர் உலகமெங்கும் போற்றப்படுகிறது. அவரிடமிருந்து தப்பி, அதே காரணத்துக்காகப் புரட்சி செய்த பணியாளரின் பெயரைப் பிரீடவுனிலும் அறிந்தோர் சிலரே. கலகத்தை அடக்கிய மரூன்கள் நகரத்தின் நடுவில் கட்டிய சிறிய தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அதன் உத்தரங்கள் கப்பல் மரத்தால் ஆயவை என்பது அவ்வூர் வழக்கு.

1807-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அடிமை வாணிகத்தைத் தடைசெய்தது. மறு ஆண்டின் முதல் நாளன்று பிரீடவுன் முடியாட்சியின் நேரடிக் குடியேற்றமாயிற்று. அதன்பின் நடந்ததே அந்நகரத்தை உலகத்தில் நிகரில்லாததாக ஆக்கியது. ரோந்து சுற்றிய போர்க்கப்பல்கள் நடுக்கடலில் அடிமைக் கப்பல்களை மறித்துப் பிடித்து, இத்துறைமுகத்துக்கு இழுத்து வந்து, நீதிமன்றத்தின் முன் நிறுத்தின. 1808 முதல் 1860-களின் நடு வரையில் இவ்வாறு கரையிறக்கப்பட்டோர் 90,000 பேருக்கு மேற்பட்டவர். செனகல் கரையிலிருந்து அங்கோலா வரையில், உள்நாட்டில் ஹௌசா நிலம் வரையில், எங்கெங்கோ பிடிக்கப்பட்டு விற்கப்பட்ட மக்கள் ஒரே படித்துறையில் வந்து ஏறினார்கள்.

படித்துறை என்றேன். 1818-ஆம் ஆண்டில், சார்ல்ஸ் மக்கார்த்தி கவர்னராயிருந்த காலத்தில் கட்டப்பட்ட அக்கற்படிகளுக்கு ஊரார் இட்ட பெயர் போர்த்துக்கீசியர் படிகள் என்பது. போர்த்துக்கீசியருக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. தேய்ந்து நடுக்குழிந்த அப்படிகளை ஏறிச் சிறிது தூரம் சென்றால், இன்றைய கன்னாட் ஆஸ்பத்திரியின் வாசலில் அரசர் முற்றத்தின் கல்வாயில் நிற்கிறது. கப்பலின் அடித்தட்டில் வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தோர் அம்முற்றத்தில் தங்கவைக்கப்பட்டனர். நோயுற்றோர் அங்கே சிகிச்சை பெற்றனர். பலர் அங்கேயே இறந்தனர். 1817-ஆம் ஆண்டைத் தாங்கிய அவ்வாயிலின் கல்வெட்டு, பிரிட்டனின் வீரத்தாலும் கருணையாலும் அடிமைத்தனத்தினின்று விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்கருக்கான ஆஸ்பத்திரியும் அடைக்கலமும் அது என்று அறிவிக்கிறது. அந்த வீரமும் கருணையும் பொய்யல்ல. ரோந்துக் கப்பல்களில் பணிசெய்த மாலுமிகள் ஏராளமானோர் காய்ச்சலுக்கு உயிரைக் கொடுத்தார்கள். ஆனால் அக்கல்வெட்டை ஊன்றிப் படிப்போர், அதே ஆற்றின் மேலே ஒரு நாள் பிரயாணத் தொலைவில் பன்ஸ் தீவின் கோட்டை இருந்ததையும், அதனைக் கட்டி வளர்த்தவரும் அதே தேசத்தாரே என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கல்லில் பொறித்தவை இருக்கின்றன. பொறிக்காமல் விட்டவையும் இருக்கின்றன.

பொறிக்காமல் விட்ட பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. கரையிறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டு, பெயர், ஆணா பெண்ணா என்பது, உத்தேச வயது, உயரம், உடலிலும் முகத்திலும் இருந்த குலக்குறி வடுக்கள் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டன. 80,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட இந்த இரண்டாவது பதிவேட்டுத் தொகுதி, பூரா பே கல்லூரியில் அமைந்துள்ள சியேரா லியோன் பொது ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. எழுதியவன் ஆங்கிலம் அறிந்த குமாஸ்தா. சொன்னவன் அன்றுதான் இரும்பு விலங்கு நீங்கியவன். இடையில் மொழிபெயர்த்தவன், சில ஆண்டுகளுக்கு முன் அதே படியேறி வந்தவன். ஆகவே பெயர்கள் சிதைந்திருக்கின்றன. எனினும் சிதைந்த அவ்வொலிகளைக் கொண்டே, இன்னார் யோருபா, இன்னார் இக்போ, இன்னார் மெண்டே என்று இக்காலச் சரித்திர ஆசிரியர்கள் பலரை இனங்கண்டு வருகிறார்கள். அட்லாண்டிக் கடலைக் கடக்க ஏற்றப்பட்ட ஒரு கோடிக்கும் மேலான அடிமைகளில் மிகப் பெரும்பாலோர்க்குத் தாய்மொழிப் பெயரென ஒன்று எந்தக் காகிதத்திலும் எஞ்சவில்லை. எஞ்சிய பெயர்களில் பெரும்பகுதி பிரீடவுனில் இருக்கிறது.

விடுவிக்கப்பட்டோரின் நிலை உடனே விடுதலையாயிற்று என்றும் எண்ணிவிடலாகாது. தொடக்கக் காலத்தில் ஆள் ஒன்றுக்கு 20 டாலர் பெற்றுக்கொண்டு அவர்களைக் குடியேறிகளிடம் பயிற்சித் தொழிலாளராக ஒப்படைத்தார்கள். 1808-இல் முடியாட்சியின் கவர்னராய் வந்த தாமஸ் பெரோனட் தாம்ஸன் என்னும் இளைஞர், இதுவும் அடிமைத்தனமே என்று வெளிப்படையாய்க் கண்டித்து எழுதினார். அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வாலிபர் பலர் படையிற் சேர்க்கப்பட்டனர். ஏனையோர் மலைச்சரிவுகளில் ரீஜெண்ட், குளஸ்டர், பாதர்ஸ்ட், வெலிங்டன், வாட்டர்லூ என ஆங்கிலப் பெயர்கள் சூட்டிய கிராமங்களில் குடியேற்றப்பட்டனர்.

அவர்களுள் அஜயி என்னும் யோருபாச் சிறுவன் ஒருவன் இருந்தான். 1821-இல் தன் ஊர் எரிக்கப்பட்டுப் பிடிபட்டு, கைமாறிக் கைமாறி விற்கப்பட்டு, லாகோஸ் துறையில் போர்த்துக்கீசியக் கப்பலில் ஏற்றப்பட்ட அவனை, 1822 ஏப்ரலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் மீட்டுப் பிரீடவுனில் இறக்கியது. ஆறு மாதத்தில் படிக்கக் கற்றான். 1827-இல் கிறிஸ்தவ மிஷன் சங்கத்தார் பூரா பே கல்லூரியைத் தொடங்கியபோது முதல் மாணவர்களுள் ஒருவனாய்ச் சேர்ந்தான். ஞானஸ்நானத்தில் சாமுவேல் குரௌதர் என்ற பெயர் பெற்ற அவர், தம் தாய்மொழியாகிய யோருபாவுக்கு இலக்கணமும் அகராதியும் எழுதி, பைபிளை அம்மொழியில் பெயர்க்கும் பணியில் முன்னின்று, 1864-இல் ஆங்கிலத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க அத்தியட்சரானார். ஏட்டில் ஓர் எண்ணாக எழுதப்பட்ட சிறுவன், தன் இனத்தாரின் மொழிக்கு ஏடு எழுதும் பெரியவரான இந்த மாற்றத்தைவிடப் பிரீடவுனின் பொருளை நன்கு விளக்குவது வேறொன்றில்லை.

அக்கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜெர்மானியப் பாதிரியார் சிகிஸ்மண்ட் கோல்லே செய்த பணியும் நெடிது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆப்பிரிக்காவின் மொழிகளை அறிய வேண்டுமாயின் கண்டம் முழுதும் சுற்ற வேண்டும். ஆனால் அடிமை வாணிகத்தின் கொடுமையே அவ்வளவு மொழிகளையும் ஒரே ஊரில் கொண்டுவந்து குவித்திருந்தது. கோல்லே பிரீடவுனிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருந்த முதியோரை ஒவ்வொருவராக வரவழைத்து, ஏறத்தாழ 300 சொற்களுக்கும் சொற்றொடர்களுக்கும் அவரவர் மொழியில் என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதினார். 150-க்கும் மேற்பட்ட மொழிகள் அடங்கிய ‘பாலிகிளாட்டா ஆப்பிரிகானா’ என்னும் அந்நூல் 1854-இல் வெளிவந்தது. ஆப்பிரிக்க மொழியியலுக்கு அஸ்திவாரங்களுள் ஒன்று அது. எனக்கு அந்நூலில் மொழிகளினும் முக்கியமாய்ப் படுவது, சொல்லியவர்களைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகள்: இன்னார், இன்ன ஊரில் பிறந்தவர், எத்தனை ஆண்டுகளுக்கு முன் பிடிபட்டார், எவ்வாறு பிடிபட்டார் என்பவை. போரில் பிடிபட்டோரும் வழியில் கடத்தப்பட்டோருமே பலர். கடனுக்காக விற்கப்பட்டோரும், உறவினரே விற்றுவிட்டோரும், குற்றத்தீர்ப்பால் விற்கப்பட்டோரும் உண்டு. சிலர் தம் மொழி பேசத் துணையொருவரும் நகரில் இல்லாதவர். ‘நெருப்பு’, ‘தண்ணீர்’, ‘அம்மா’ என்பவற்றுக்குத் தம் மொழிச் சொல்லைப் பல்லாண்டுகளுக்குப் பின் உரக்கச் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு அன்றைக்குத்தான் கிடைத்திருக்கும். மூன்றாவது பெயரேடு என்று நான் கொள்வது இதனை. முதல் ஏடு நஷ்ட ஈட்டுக் கணக்குக்காக எழுதப்பட்டது, இரண்டாவது நிர்வாகத்துக்காக, மூன்றாவதில்தான் அம்மனிதர்கள் தம் வாயால் தம்மைப் பற்றிச் சொல்கிறார்கள்.

இத்தனை மொழியினரும் கூடி வாழ்ந்ததன் விளைவாய்ப் பிறந்தது கிரியோ மொழி. சொற்களிற் பெரும்பகுதி ஆங்கிலம்; ஆயினும் யோருபாவும் போர்த்துக்கீசியமும் பிறவும் அதன் நரம்புகளில் ஓடுகின்றன. குழந்தைக்குப் ‘பிகின்’ என்பதும், அறிதலுக்குச் ‘சாபி’ என்பதும் போர்த்துக்கீசியத்தின் வழிவந்தவை. இறந்தோரை நினைந்து படைத்து ஊரோடு உண்ணும் விருந்துக்கு ‘அவுஜோ’ என்பது யோருபா. ஒருவரையொருவர் கண்டால் ‘உடம்பு எப்படி?’ என்றே விசாரிக்கிறார்கள்; தமிழருக்கு இது அந்நியமாய்த் தோன்றாது. ஆங்கிலத்தின் சிதைவு என்று கற்றோர் நெடுங்காலம் இகழ்ந்த இம்மொழியில், தாமஸ் டெக்கர் 1964-இல் ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தைப் பெயர்த்தார். இகழ்ச்சி மெல்லக் குறைந்தது. இன்று அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் சிறுபான்மையரே எனினும், நாடு முழுவதையும் இணைக்கும் பொதுமொழி அதுவே. மரூனும் நோவா ஸ்கோஷியரும் விட்டுச்சென்ற மற்றொரு செல்வம், கல் அடித்தளத்தின் மேல் பலகையால் கட்டிய மாடி வீடுகள். கரோலினாவையும் கரீபியன் தீவுகளையும் நினைவூட்டும் அவ்வீடுகள் கரையானுக்கும் மழைக்கும் இரையாகி அருகி வருகின்றன.

மொழியின் பெயராலேயே கிரியோ எனப்பட்ட இம்மக்களின் கல்வி வேட்கை வியக்கத்தக்கது. குளஸ்டர் கிராமத்தில், மீட்கப்பட்ட பெற்றோருக்கு 1835-இல் பிறந்த ஆப்பிரிக்கானஸ் ஹார்ட்டன், 1859-இல் எடின்பரோவில் வைத்தியப் பட்டம் பெற்றுப் பிரிட்டிஷ் சேனையில் டாக்டரானார். மேற்கு ஆப்பிரிக்க மக்கள் தம்மைத் தாமே ஆளத் தகுதியுடையர் என்று 1868-இல் நூலெழுதினார். ஆனால் அந்நூற்றாண்டு முடிவதற்குள் காலம் மாறியது. 1897-இல் செகந்திராபாத்தில் மலேரியாவின் இரகசியத்தைக் கண்ட ரொனால்ட் ராஸ், 1899-இல் பிரீடவுனுக்கு வந்து அங்கும் அனாபிலிஸ் கொசுவே நோயைப் பரப்புவது என்று நிறுவினார். விஞ்ஞானத்தின் அந்த அரிய வெற்றியை நிர்வாகத்தார் பயன்படுத்திய விதம் வருந்தத்தக்கது: ஆப்பிரிக்கக் குழந்தைகளின் இரத்தத்தில் நோய்க்கிருமி மிகுதி என்று காரணங் காட்டி, 1904-இல் மலைமேல் ஐரோப்பியர் மட்டும் வாழும் ஹில் ஸ்டேஷன் என்னும் தனிக்குடியிருப்பை அமைத்து, அதற்கென்றே இலவ மரத்தருகிலிருந்து மலைமேல் ஒரு ரயிலும் விட்டார்கள். அரசாங்க வைத்தியப் பணியின் உயர்பதவிகளிலிருந்து ஆப்பிரிக்க டாக்டர்கள் 1902-லேயே ஒதுக்கப்பட்டிருந்தார்கள். ரயில் நட்டத்தில் ஓடி 1929-இல் நின்றுபோயிற்று. இலவ மரத்தருகே இருந்த அதன் நிலையத்தின் இடத்தில், 1957-இல் திறக்கப்பட்ட தேசியக் காட்சிசாலை இருக்கிறது. குடிசைவரியை எதிர்த்து 1898-இல் ஆங்கிலேயரோடு போர் செய்த பாய் புரே என்னும் வீரத்தலைவரின் உருவத்தை அங்கே காணலாம்.

1961 ஏப்ரல் 27-இல் நாடு விடுதலை பெற்றது. அதன் பிற்பாட்டுச் சரித்திரம் விரிக்கிற் பெருகும். 1991-இல் தொடங்கிப் பதினொரு ஆண்டு நீடித்த உள்நாட்டுப் போர், 1999 ஜனவரி 6-ஆம் நாள் நகரத்துக்குள்ளேயே புகுந்து, கிழக்குப் பகுதியை எரித்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்று குவித்தது. போருக்கு அஞ்சி உள்நாட்டிலிருந்து ஓடிவந்தவர்களால் நகரம் பெருகியது. 2015-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ஜனத்தொகை 10,55,964. தட்டை நிலம் போதாமையால் ஏழையர் கடலோரச் சேற்றை மேடாக்கியும், காட்டை அழித்து மலைச்சரிவிலும் குடிசையிட்டார்கள். 2017 ஆகஸ்டு 14-ஆம் நாள் விடியற்காலையில், பல நாள் மழையில் ஊறிய சுகர்லோப் மலையின் ஒரு பக்கம் சரிந்து, ரீஜெண்ட் கிராமத்தை அடுத்த குடியிருப்புகளை மூட, 1,000-க்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போயினர். இரு நூற்றாண்டுக்கு முன் கப்பலிலிருந்து மீண்டவர்களுக்குப் புகலிடமாய் வகுக்கப்பட்ட அதே மலைச்சரிவு அது. அதன்பின் நகரசபையார் 10 லட்சம் மரங்களை நட்டு வளர்க்கும் முயற்சியில் இறங்கினார்கள். அந்நகரத்துக்கு இதனினும் அவசரமான பணி வேறில்லை.

இலவ மரத்தின் அடிக்கட்டை இன்றும் அவ்விடத்தில் இருக்கிறது. மரங்களுக்கு ஆயுள் எல்லை உண்டு. அதன் வீழ்ச்சிக்கு எவரையும் நோவதற்கில்லை. பூரா பே கல்லூரியின் பழைய கட்டடத்தின் கதை வேறு. கிளைன் டவுனில், 1845-இல் அஸ்திவாரமிட்டு 1848-இல் முடிக்கப்பட்ட அச்செம்பாறைக் கற்கட்டடம், பின்னர் ரயில்வே அலுவலகமாகவும் நீதிமன்றமாகவும் இருந்து, போர்க்காலத்தில் அகதிகளுக்கு இடந்தந்து, 1999-இல் தீப்பற்றிக் கூரையை இழந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐரோப்பிய முறையில் அமைந்த முதல் உயர்கல்விக்கூடமாகிய அக்கல்லூரிக்காக எழுந்த அதன் சுவர்கள் ஒவ்வோராண்டும் அம்மழையைத் தாங்கி நிற்கின்றன. அவை இடிந்து விழுமுன் அவற்றின் மேல் ஒரு கூரை வேயப்பட வேண்டும். காப்பகத்தின் ஏடுகள் பூச்சிக்கும் ஈரத்துக்கும் தப்ப வேண்டும். அடிமைக் கப்பல்களால் செல்வமீட்டிய தேசங்களின் கருவூலத்திலிருந்து அச்செலவு முதலில் வருவதே நியாயம்.